களவெட்டிச் சொல்லும் கணினிப் படமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் படுவான்கரை வயல்களில் மாடுகளைக்கொண்டு சூடடித்த காலத்தில், களவெட்டிக்கெனத் தனியானதொரு சொல்வழக்கு இருந்தது. களத்தினுள் நெல்லை நெல்லென்னார், பொலி என்பர். அங்கு புழங்கிய பிற பொருள்கள் பலவற்றுக்கும் அவ்வாறே வேறு பெயர்கள் வழங்கின. பூதங்கள் விளைவைக் கவர்ந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணமெனக் கூறுவர். காரணம் எதுவாயினும் விளைவு தெளிவானது. அச்சொற்களை அறிந்தவன் களத்துக்கு உரியவன். அறியாதவன் வரம்பில் நின்று பார்க்கும் விருந்தாளி. அறுவடையையும் சூடடிப்பையும் ஒருங்கே முடிக்கும் இயந்திரங்கள் பரவியபின் அம்மொழிக்கு வேலை குறைந்தது.

கணினிக்கும் இத்தகைய களமொழி ஒன்று உண்டு. 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருப்பெறத் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையில், கோப்புகளைப் பட்டியலிட ‘எல்எஸ்’ என்றும், படியெடுக்கச் ‘சிபி’ என்றும், அழிக்க ‘ஆர்எம்’ என்றும் தட்டவேண்டும். இவை இவ்வளவு குறுகியமைக்குப் பூதங்கள் காரணமல்ல. நொடிக்குப் பத்தெழுத்து அளவில் இயங்கிய அக்காலத் தொலையச்சுப் பொறிகளே பெரிதும் காரணம். ஆங்கிலம் அறிந்தவருக்கே புதிரான இச்சொற்கள் தமிழ்வழி கற்றவருக்கு இருமடங்கு அந்நியமாயின.

1973 இன் செறொக்ஸ் அல்ற்றோவும் 1984 இன் அப்பிள் மக்கின்ரோஷும் இந்நிலையை மாற்றின. சொல்லை நினைவிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. திரையிற் கண்ட படத்தைச் சுட்டினாற் போதும். இதனைச் சோம்பலுக்கு இடங்கொடுக்கும் சலுகையென இகழும் வல்லுநர் இன்றும் உளர். தாம் பட்ட பாட்டைப் பிறரும் படவேண்டும் என்னும் மனநிலையே இவ்விகழ்ச்சிக்குள் மறைந்திருப்பது எனலாம். மண்முனைத் துறையில், ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்திருந்து வாவியைக் கடந்த மக்களுக்கு 2014 இற் பாலம் திறக்கப்பட்டது. அதன்மீது செல்பவரை வாவியின் ஆழம் அறியாதவரென எவரும் பழிப்பதில்லை.

ஆயினும் சுட்டுதலும் சொல்லுதலும் ஒன்றல்ல. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர் பழைய கூத்தேடு ஒன்றின் 300 பக்கங்களைப் படமெடுத்துள்ளார் எனக் கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் ஏட்டின் பெயரையும் பக்க எண்ணையும் இடவேண்டும். திரையிற் காட்டப்பட்டவற்றை மட்டுமே சுட்டத் தெரிந்தவர், அதற்கான பொத்தானை எவரேனும் அமைத்துவைத்திராவிடில், 300 முறை சுட்டுவார். கட்டளைமொழி அறிந்தவர் ஒரு வரி எழுதுவார். நேரம் மிஞ்சுவது இங்கு சிறிய செய்தி. அந்த வரி எஞ்சி நிற்கிறது என்பதே பெரிது. அதனை மற்றொருவருக்குக் காட்டலாம். பிழையிருப்பின் எவ்விடத்தில் என்று விரல்வைக்கலாம். அடுத்த ஏட்டுக்கும் வழங்கலாம். சுட்டியவரோ தாம் செய்ததைத் தொலைபேசியில் நண்பருக்கு விளக்கவும் இடர்ப்படுவார்: ‘வலப்பக்க மூலையிற் சின்னப் படமொன்று இருக்குமே, அது’.

இது வசதி பற்றிய வினா மட்டுமாயின் இத்தோடு விட்டுவிடலாம். வாவியிற் தோணி செலுத்தும் மீனவர் கையிலும் இன்று திறன்பேசி உண்டு. புதிய செயலியொன்றைத் திறந்ததும் அவரது இருப்பிடத்தையும் அவர் சேமித்த தொலைபேசி எண்களையும் பார்வையிட இசைவு கேட்டு ஒரு பெட்டி தோன்றுகிறது. பல செயலிகளில் உடன்பாட்டுப் பொத்தான் பளிச்சென்ற நிறத்திலும் மறுப்பு மங்கிய எழுத்திலும் இருக்கும். அவர் தொடுகிறார். அவர் உடன்பட்டாரா? ‘ஆர்எம்’ எனத் தட்டிக் கோப்பை இழந்தவன் அவ்விழப்புக்குத் தானே பொறுப்பு என்பதை மறுக்க இயலாது. அவன் சொல் அவன் முன்னே நிற்கிறது. தொட்டவரின் நிலை வேறு. எதைத் தொடுவார் என்பதைப் பொத்தானை வரைந்தவர் முன்னரே ஊகித்து, அதற்கேற்ப நிறந்தீட்டியுள்ளார். தொட்ட விரலை வாய்ச்சொல்லுக்கு நிகராகக் கொண்டு அவர்மேற் பொறுப்பைச் சுமத்துவது நேர்மையாகாது.

எனவே குற்றம் படத்திலன்று. படத்துக்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்று அறிய விரும்புபவருக்கு வழியை அடைத்துவிடுவதிலேயே குற்றம் உள்ளது. பாலம் கட்டியவரே வாவிக்கரை முழுவதற்கும் வேலியிட்டது போன்றதே, கட்டளைவரியையும் கோப்புகளையும் பயனரின் கண்ணிலிருந்து முற்றாக மறைக்கும் கருவிகளின் போக்கு. பெரும்பாலோர் அவ்வழி செல்லமாட்டார் என்பது உண்மை. செல்ல விரும்பும் ஒருவரைத் தடுக்க அவ்வுண்மை நியாயமாகாது.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்றார். அறிவியலைத் தமிழிற் கற்பிக்க வேண்டிய சொற்களே அன்றைய தேவை. பொறிக்கு ஆணையிடும் சொற்கள் பின்னர் வந்தவை. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கட்டளைகளுக்கு மாற்றுப்பெயர் இடும் வசதி உண்டு. ‘ஆர்எம்’ என்பதற்கு ‘அழி’ எனத் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். அதுவும் இரண்டே எழுத்துத்தான். மறுகேள்வியின்றி அழிப்பதிலும் மூலச்சொல்லுக்குக் குறைந்ததன்று. ஆனால் அதனைத் தட்டும் படுவான்கரை மாணவனுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிராது.