மடிநோயும் இல்லறத்தார் கடமையும்

சிலப்பதிகாரத்தில் சமணத் துறவியாகிய கவுந்தியடிகள், கோவலனையும் கண்ணகியையும் உறையூர் வழியே மதுரைக்கு அழைத்துச் சென்று, கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பசுவைப் பேணி அதன் பயனைப் பிறர்க்கு வழங்குவோர் வாழ்வில் கொடுமை இல்லை என்பது அவர் துணிபு. இங்கே பேணுதல் முன்னும் பயன்கொள்ளுதல் பின்னும் நிற்பதை நாம் கருத வேண்டும். பேணுதல் தவறினால் அந்தப் பால் கொடுமை அற்றதாகுமா? இவ்வினாவை நம்முன் வைப்பது கறவைப் பசுக்களுக்கு வரும் மடிநோய்.

நுண்ணுயிர்கள் காம்புத் துளை வழியே புகுவதால் மடி வீங்கிச் சூடேறும். பால் திரிந்து வரும். கை பட்டாலே பசு உதைக்கும். வெளிக்குத் தெரியாமல் பாலை மட்டும் குறைக்கும் வகையும் உண்டு. கறந்தபின் காம்புத் துளை மூட அரைமணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். அதற்குள் பசு சாணத் தரையில் படுத்தால் நோய் எளிதில் பற்றும். கையையும் மடியையும் கழுவித் துடைத்தல், தரையை உலர்வாக வைத்தல், கறந்தவுடன் தீவனமிட்டு நிற்கச் செய்தல் ஆகியவை அதிகச் செலவில்லாத காப்புகள். மருந்தால் நுண்ணுயிர் மடிவது இம்சையன்றோ என ஐயுறுவோர், வருமுன் காப்பதே இருவகை உயிர்க்கும் நன்று எனக் கொள்க. நோய் வந்தபின் மருத்துவம் மறுப்பது அறமாகாது.

அஹிம்சை அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என ஐந்து. நோயுற்ற மடியைக் கவனியாது விடுதல் இவற்றுள் பெயர் சொல்லப்படவில்லை. ஆயினும் ஐந்தும் நம் கைக்குள் அடங்கிய உயிர்க்கு நாம் இழைக்கும் துன்பமே, இதுவும் அவ்வினத்தது.

நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டபின் குறித்த நாள்வரை அப்பாலை விற்கலாகாது. ஓரிரு பசுக்களை நம்பி வாழ்பவர்க்கு அது அந்நாட்களின் வருவாய் முழுவதும் ஆகும். ஆகவே சிலர் மருத்துவரை அழைக்கத் தயங்குவர். சிலர் சொல்லாமல் பாலை ஊற்றுவர். அவர்களை மட்டும் பழித்தல் எளிது. ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வழியாலும் வினை பற்றும் என்பது நம் அறநூல் முடிபு. நாள் தவறாமல் பால் வேண்டும், விலையும் ஏறலாகாது என்று கேட்பவர் நாமல்லவா?

பசுவுக்கு மடிநோய், சில நாள் பால் இல்லை என்று பால்காரர் மெய் சொல்லும்போது, வேறிடம் நாடாமல் அந்நாட்களின் விலையில் ஒரு பகுதியையேனும் அவருக்கு அளிப்போமாக. அதனைத் தானம் என்று எண்ணவேண்டா. பால் அருந்தும் நாம் செலுத்தவேண்டிய கடன் அது.