தீவுகளின் உணவும் நாவின் அறமும்

பிற நாடுகளுக்குச் செல்வோர் அந்நாட்டு உணவைச் சுவைத்துப் பார்த்தே தீர வேண்டும் என்பது இக்காலத்தில் ஏறக்குறைய ஒரு கடமையாகவே பேசப்படுகின்றது. கோயிலையும் கடலையும் கண்டு திரும்பினால் போதாது. அவ்வூரார் உண்பதை உண்டால்தான் அவ்வூரை அறிந்ததாகும் என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு நாட்டின் மண், மழை, கடல், வணிகம், வழிபாடு ஆகிய அனைத்தும் இறுதியில் அந்நாட்டாரின் அடுப்படிக்கே வந்து சேர்கின்றன. ஆயினும் கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் இல்லறத்தார்க்கு இங்கே ஒரு வினா எழுகின்றது. விருந்தளிப்பவர் மனம் நோகாமலும், நம் விரதம் குலையாமலும் அயலாரின் உணவை எந்த அளவுக்கு ஏற்கலாம்?

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தோழியர் நால்வருடன், வெவ்வேறு ஆண்டுகளில், இலங்கைக்கும், மாலத்தீவுக்கும், இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலி, லொம்போக் தீவுகளுக்கும் சென்று வந்தோம். நால்வருள் இருவர் நம் சமயத்தவர். ஏனைய இருவரும் புலால் உண்ணும் குடும்பத்தினர். வேளைதோறும் உணவின் முன் அமர்ந்தபோது எழுந்த உரையாடல்களில் மூன்று வாதங்கள் மீண்டும் மீண்டும் தலைகாட்டின. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வது நம் வாசகர்களுக்கும், குறிப்பாகக் கல்விக்காகவும் பணிக்காகவும் கடல் கடந்து செல்லும் இளைஞர்களுக்கும் பயன்படும் என்று கருதுகின்றோம்.

முதல் வாதம், தெரியாமல் உண்டால் குற்றமில்லை என்பது.

லொம்போக் தீவில் பெலெச்சிங் கங்குங் என்றொரு உணவு உண்டு. கங்குங் என்பது வேறொன்றுமன்று; நம் குளக்கரைகளில் படரும் வள்ளைக்கீரையே. அதனை வேகவைத்து, மிளகாய், தக்காளி, எலுமிச்சை வகைச் சாறு ஆகியன சேர்த்த சாந்தை அதன் மேல் இட்டுத் தருகின்றனர். பார்வைக்கு முற்றிலும் கீரைதான். ஆனால் அச்சாந்தில் தெராசி என்னும் பொருள் வழக்கமாகச் சேர்கின்றது. மிகச் சிறிய இறால்களை உப்பிட்டு, இடித்து, புளிக்கவைத்துச் செய்யும் கட்டி அது. அத்தீவுகளின் மிளகாய்ச் சாந்துகளிலும் காய்கறிக் குழம்புகளிலும் அது பெரும்பாலும் கரைந்திருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. இலங்கையில் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூளைச் சேர்ப்பதும் இத்தகையதே. அளவு ஒரு சிட்டிகைதானே என்று சொல்லலாம். ஆனால் பெரிய மீனின் ஒரு துண்டில் அடங்குவது ஓருயிரின் ஒரு பகுதி. சிற்றிறால் சாந்தின் ஒரு சிட்டிகையிலோ பல உயிர்கள் அடங்கிவிடுகின்றன. பொருள் சிறிதாவதால் உயிர் சிறிதாகிவிடாது.

அவ்வுணவு முன்னே வந்தபோது, “கீரைதானே அக்கா, கேட்காமல் சாப்பிடுங்கள், கேட்டால்தானே வம்பு!” என்றார் தோழியருள் ஒருவர். அன்பினால் சொன்ன சொல் அது. எனினும் அதில் ஒரு நுட்பமான பிழை உண்டு. தெரியாதிருத்தல் வேறு, தெரிந்துகொள்ள வழியின்றி இருத்தல் வேறு, தெரிந்துகொள்ள விரும்பாதிருத்தல் முற்றிலும் வேறு. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிரைப் போக்குதல் என்பதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமத்தம் என்னும் விழிப்பின்மையை அதற்குக் காரணமாக வைத்தே பேசுகின்றது. முயன்றும் அறிய முடியாமல் நேர்ந்துவிட்ட ஒன்று, விழிப்போடு நடந்தவரைப் பெரிதும் பற்றாது. கேட்டால் தெரிந்துவிடும் என அறிந்தே கேளாதிருப்பவர்க்கு அந்த நிழல் கிடையாது. அவர் அறியாமையில் இருப்பவர் அல்லர். அறியாமையை விரும்பித் தேர்ந்துகொண்டவர்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. இந்தோனேசிய மொழியில் இறைச்சியைக் குறிக்கும் சொல்லைக் கூறி, அதனை உண்ண மாட்டோம் என்றால், மீனும் இறாலும் அதில் அடங்கியதாகப் பலரும் கொள்வதில்லை. நம் ஊரிலேயே முட்டையைச் சைவத்தில் சேர்ப்போர் உளரன்றோ? ஆதலின் மீன் உண்டா, இறால் உண்டா, தெராசி உண்டா எனத் தனித்தனியே கேட்க வேண்டியுள்ளது. அன்று வண்டி ஓட்டிவந்தவர் வாயிலாக அவ்வாறே கேட்டோம். கீரை கொணர்ந்த மூதாட்டி சினம் கொள்ளவில்லை. தெராசி உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு உள்ளே சென்றார். கழுவிய வேறொரு கல்லில் மிளகாயும் தக்காளியும் உப்பும் மட்டும் வைத்து அரைத்து வந்தார். அரைத்தபடியே, கீரை எந்த ஓடையில் விளைகின்றது, எந்த மாதத்தில் இளசாகக் கிடைக்கும் என்பதையெல்லாம் கூறினார். கேளாமல் உண்டிருந்தால் வயிறு நிறைந்திருக்கும். அவரை அறிந்திருக்க மாட்டோம். கேட்பது விருந்தளிப்பவரை அவமதிப்பது என்ற அச்சம் தேவையற்றது என்பதை அவரே நமக்கு உணர்த்தினார்.

இரண்டாவது வாதம், மறுத்து மறுத்து உண்டால் அந்நாட்டின் பண்பாட்டை அறிய இயலாது என்பது.

பாலியில் அடுப்பிலிருந்து சோற்றை இறக்கியதும் வீட்டார் உடனே உண்பதில்லை. வாழை இலையைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் சிறிது சோறு வைத்து, அடுப்படி, நீர் இருக்கும் இடம், வீட்டுக் கோயில் முதலிய இடங்களில் படைத்த பின்னரே உண்கின்றனர். சக ஆண்டுப் பிறப்பான நியெப்பி நாளில் அத்தீவு முழுவதும் மௌனத்தில் ஆழ்கின்றது. நெருப்பு மூட்டுவதில்லை, தொழில் செய்வதில்லை, பயணம் போவதில்லை, கேளிக்கை இல்லை. பன்னாட்டு விமான நிலையமே ஒரு முழு நாள் மூடப்படுகின்றது. உண்ணாநோன்பு இருப்போர் பலர். மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களுக்கு நீரைப் பங்கிட சுபாக் என்னும் உழவர் கூட்டமைப்புகள் பல நூற்றாண்டுகளாக இயங்குகின்றன. நீர்க் கோயில்களோடு இணைந்த அம்முறையை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. அங்கே புகழ்பெற்ற பன்றிச் சுட்டிறைச்சியை உண்டு, இவற்றுள் ஒன்றையும் அறியாமல் திரும்புபவர் பாலியை அறிந்தவராவாரா? பாலி மக்களுள் பெரும்பாலோர் இந்துக்கள் எனினும் புலால் அவர்களுக்கு விலக்கன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வழக்கை நம் வழக்கென மயங்கவும் வேண்டா. நம் வழக்கு அவர்களிடம் இல்லையே என வருந்தவும் வேண்டா.

மேலும், மறுத்த பின்னும் உண்பதற்கு எவ்வளவோ இருந்தன. தென்னங்குருத்தோலையில் பின்னிய சிறு கூட்டுக்குள் அரிசியிட்டு வேகவைத்த சோற்றுக்கட்டி; தேங்காய்த் துருவல் சேர்த்த கீரை, பயறு வகைகள்; வெல்லப்பாகு உள்ளே வைத்து, மேலே தேங்காய்ப்பூ புரட்டிய கிளெப்போன் என்னும் உருண்டை, நம் கொழுக்கட்டையின் உறவு; பாம்புத் தோல் போன்ற மேலோட்டை உடைய சாலாக் பழம்; மங்குஸ்தான், ரம்புத்தான். சோயா மொச்சையில் பூஞ்சை வளர்த்துச் செய்யும் தெம்பே என்பதை நம் தோழியருள் ஒருவர் ஏற்றார்; மற்றொருவர், புளிக்கவைத்த பண்டம் எனத் தவிர்த்தார். கிழங்கு வகைகளிலும் இவ்வாறே அவரவர் விரதத்தின் அளவுக்கேற்ப நடந்துகொண்டனர். இரவுண்ணாமையும் இடராகவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையிலேயே கதிரவன் மறைகின்றது. 5 மணிக்கே உணவை முடித்துக்கொண்டால் கடற்கரையில் அமர்ந்து அந்தி காண நேரம் கிடைத்தது.

இங்கே புலாலைச் சாராத மற்றொரு தீங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுவைத்துப் பார்த்தல் என்ற பெயரில் பத்துத் தட்டுகளைத் தருவித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உண்டு, எஞ்சியதை எறிந்துவிடும் பயணிகளை எல்லாத் தீவுகளிலும் கண்டோம். செடிகொடிகளையும் ஓரறிவுயிர் எனக் கருதும் நாம், எறியப்பட்ட கீரையையும் பழத்தையும் கண்டு வாளாவிருக்கலாமா? நுகர்வனவற்றிற்கு அளவு வகுத்துக்கொள்ளும் போகோபபோக பரிமாணம் என்னும் விரதம் வீட்டில் இருப்பவர்க்கு மட்டும் உரியதன்று. ஐவருக்கு இரண்டு தட்டு, வைத்ததை மிச்சமின்றி உண்பது என்ற ஒழுங்கை நாம் முன்மொழிந்தபோது, புலால் உண்ணும் தோழியர் இருவருமே முதலில் உடன்பட்டனர்.

மூன்றாவது வாதமே கடினமானது. விருந்தளிப்பவர் மனத்தை நோகச் செய்வதும் இம்சை அன்றோ?

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளால் ஆனது. மண் என்பது பெரும்பாலும் பவள மணலே. தென்னை வளரும், ஈரப்பலா காய்க்கும், சில தீவுகளில் சேம்பு விளையும். நெல் வயல்களுக்கு அங்கே இடமில்லை. சுற்றிலும் கடல், கடலில் சூரை மீன். 14ஆம் நூற்றாண்டில் அங்கு நீதிபதியாக இருந்த இபுன் பதூதாவும் அம்மக்களின் மீனுணவைப் பற்றி எழுதியுள்ளார். தூண்டிற் கோலால் ஒவ்வொன்றாக மீன் பிடிக்கும் முறை அங்கு இன்றும் வழக்கில் உள்ளது. அத்தகைய தீவொன்றில், தெருவில் கண்ட அறிமுகத்திலேயே ஒரு மீனவர் குடும்பத்தினர் எங்களை வீட்டுக்குள் அழைத்து அமர்த்தினர். கருதியா என்னும் தெளிந்த மீன் சாற்றையும், ரொஷி என்னும் ரொட்டியையும் கொண்டுவந்து வைத்தனர். அவர்களிடம் அன்று இருந்தவற்றுள் சிறந்தது அதுவே. நாம் கைகூப்பி, காரணம் கூறி, ரொட்டியையும் தேங்காயையும் மட்டும் ஏற்றோம். இல்லத்தரசியின் முகம் வாடியது. புலால் உண்ணும் தோழியர் இருவர் அச்சாற்றை அருந்தியும் அவ்வாட்டம் முழுதும் நீங்கவில்லை.

அன்றிரவு நம் சமயத் தோழி ஒருவர் கேட்டார்: “அந்த மீன் நமக்காகப் பிடிக்கப்பட்டதன்று, ஏற்கெனவே இறந்தது. அந்த அம்மாளோ உயிரோடு நம் எதிரில் நின்றார். யாருக்கு நாம் இரங்கியிருக்க வேண்டும்?”

இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. நாம் மறுத்ததால் ஒரு மீனும் உயிர் பிழைக்கவில்லை என்பது உண்மை. அவர் மனம் நொந்தது என்பதும் உண்மை. ஆயினும் விரதம் என்பது ஒரு வேளையின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்து எடுத்துக்கொள்வதன்று. எந்த உயிரும் தம் பொருட்டுக் கொல்லப்பட வேண்டா என ஒருவர் உலகுக்கு அறிவித்து நிற்கும் நிலை அது. இரங்கத்தக்க முகம் எதிரில் தோன்றும்போதெல்லாம் தளர்த்திக்கொள்ளலாம் என்றால், அன்புடையோர் வீடுகள் எல்லாம் விதிவிலக்காகிவிடும். பிறகு விரதம் அன்பற்றோர் இல்லங்களில் மட்டுமே எஞ்சும். அதே வேளையில், மனநோவு ஒரு பொருட்டன்று எனக் கூறவும் நமக்கு உரிமையில்லை. போன உயிரை மீட்க இயலாது. வாடிய மனத்தைத் தேற்ற இயலும். ஆகவே தேற்றும் கடமை மறுத்தவரையே சாரும். அன்று நாம் உடனே எழுந்து வந்துவிடவில்லை. ரொட்டி சுடும் முறையைக் கேட்டு, அவர் பிள்ளைகளின் பாடநூல்களைப் பார்த்து, நெடுநேரம் உடனிருந்தோம். விடைபெறும்போது அவர் சிரித்தார். நோவில் சிறிது எஞ்சியிருந்திருக்கலாம். அதனை இல்லை என மறைக்காமல், நம் விரதத்தின் விலையாக ஏற்று நாமே சுமப்பதுதான் நேர்மை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மாலத்தீவில் நாம் உண்ட அரிசியும் பருப்பும் காய்கறிகளும் பெரும்பாலும் கப்பலிலும் விமானத்திலும் அயல்நாடுகளிலிருந்து வந்தவை. கடலை நம்பி வாழ்பவரின் தட்டைவிட நம் தட்டு தூயது என்று தருக்குவதற்கு இடமே இல்லை. விரதம் நாம் நமக்கு இட்டுக்கொண்ட வேலி. அதனைப் பிறரை நிறுக்கும் தராசாக்கினால் கொல்லாமையிலிருந்தே செருக்கு முளைத்துவிடும்.

முன்னோர் இல்லறத்தார்க்குத் திக்விரதம் என ஒன்றை வகுத்து, இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்வதில்லை என எல்லை கட்டிக்கொள்ளச் செய்தனர். அதன் பொருள் இப்பயணங்களில் நமக்கு மேலும் விளங்கிற்று. நம் ஊரில் எந்தப் பண்டத்தில் எது சேரும் என அறிவோம். தொலைவு மிக மிக அறியாமையும் மிகுகின்றது. இன்று படிப்பும் பிழைப்பும் நம் பிள்ளைகளைத் தொலைவுக்கு அழைக்கின்றன. செல்வோர் செல்லட்டும். தொலைவுக்கு ஏற்ப விழிப்பையும் கூட்டிக்கொள்ளட்டும். வாய்ப்புள்ள இடங்களில் முன்னரே சொல்லிவிடுக, ஐயமுற்றால் கேட்டறிக, ஏற்கத்தக்கதை மகிழ்ந்து ஏற்று மிச்சமின்றி உண்க, மறுத்த இடத்தில் சிறிது நேரம் கூடுதலாக அமர்ந்திருக்க.