சொந்த வண்டியா, வாடகை வண்டியா?

 

 உளூ முறிந்ததா, நோன்பு கூடியதா என்று ஆலிம்களிடம் ஓடிச் சென்று கேட்கிறோம். ஆனால் தொழிலுக்கு ஒரு வண்டி வாங்கும்போதும், பிறருடைய வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதும் மார்க்கத்திடம் நாம் ஒன்றும் கேட்பதில்லை. வயிற்றுக்குள் போகும் கவளம் ஹலாலா ஹராமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

திருத்தணியை எடுத்துக்கொள்வோம். மலைமேல் முருகன் கோவில், அடிவாரத்தில் கடைவீதி. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையும், அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இரயில் பாதையும் ஊரைத் தொட்டுச் செல்கின்றன. சற்றுத் தொலைவில் ஆந்திர எல்லை. இத்தகைய ஊரில் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் வேலை செய்யும் நம் சகோதரர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு டிராக்டர் இருக்கிறது. இரும்பு ஷீட், சவுக்குக் கம்பு, கலவை இயந்திரம் ஆகியவற்றை வேலை நடக்கும் இடத்திற்குக் கொண்டு செல்ல ஒரு டிரெய்லர் வேண்டும். வேண்டும்போது வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா? கையில் பணமில்லை. வீட்டில் மனைவியின் நகை இருக்கிறது. இங்கேதான் சோதனை தொடங்குகிறது.

ஹிஜ்ரத்தில் இரண்டும் உண்டு

வாடகைக்கு எடுத்தால் கௌரவக் குறைவு என்று எண்ணுவோர் நம்மில் பலர். இந்த எண்ணத்திற்கு மார்க்கத்தில் இடமில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து மதீனாவுக்குப் புறப்பட்ட அந்த மகத்தான பயணத்தைச் சிந்தித்துப் பாருங்கள். ஹழ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் அந்தப் பயணத்திற்காகவே இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதம் தீனி போட்டு வளர்த்து வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டியபோது, விலை கொடுத்தே பெறுவேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். ஆக, வாகனம் சொந்தமாக வாங்கப்பட்டது.

அதே பயணத்தில் வழிகாட்டியாக அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவாதவர். ஆயினும் பாலைவனப் பாதையை நன்கறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். ஒட்டகங்களை அவரிடமே ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அவரும் சொன்ன நாளில் கொண்டுவந்து சேர்த்தார்.

ஒரே பயணத்தில் வாங்குவதும் உண்டு; கூலிக்கு அமர்த்துவதும் உண்டு. எது எப்போதும் தேவையோ அது விலைக்கு. எது அந்த வேலைக்கு மட்டும் தேவையோ அது கூலிக்கு. இரண்டிலும் விலையும் கூலியும் பேசித் தீர்க்கப்பட்டன. இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் கணக்கு

ஆகவே, டிரெய்லர் வாங்க நினைப்பவர் முதலில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். உதாரணத்திற்காக, டிரெய்லரின் விலை 2,00,000 ரூபாய் என்றும், அது 10 ஆண்டுகள் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 20,000 ரூபாய். டயர், பதிவு, இன்ஷூரன்ஸ், வெல்டிங், பெயின்ட் என்று ஆண்டுக்கு இன்னொரு 16,000. மொத்தம் 36,000. வாடகையோ நாளொன்றுக்கு 1,000 ரூபாய். அப்படியானால் மாதம் 3 நாள் தேவைப்பட்டால் இரண்டும் சமம். அதற்குக் குறைந்தால் வாடகையே இலாபம். மாதம் 8, 10 நாள் தேவைப்பட்டால் வாங்குவதே இலாபம். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அண்டை வீட்டார் வாங்கிவிட்டார் என்பது இந்தக் கணக்கில் சேராது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். கரும்பு அரவைக் காலத்தில் அப்பக்கத்து டிராக்டர்களும் டிரெய்லர்களும் திருவாலங்காட்டுக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றப் போய்விடும். ஆடிக் கிருத்திகையின்போது ஊரே மக்கள் வெள்ளமாகிவிடும். வண்டி கிடைப்பதும் அரிது, நகர்வதும் அரிது. அந்நாட்களுக்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பேசி முடித்த பிறகு, கிராக்கி வந்துவிட்டதென்று வாடகையை ஏற்றுவது உடையவருக்கு ஆகாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது இறைவனின் கட்டளை. அது பண்டிகைக் காலத்தில் தளர்ந்துவிடாது.

வாடகைப் பொருள் அமானிதம்

வாடகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்கின்றன. வாடகை எவ்வளவு, எத்தனை நாள், எந்த வேலைக்கு, எந்த ஊர் வரை என்பவை முன்பே தெளிவாக வேண்டும். "எடுத்துப் போங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது அன்பாகத் தோன்றும். முடிவில் அதுவே சண்டையாகும்.

வாடகைக்கு எடுத்த பொருள் எடுத்தவர் கையில் அமானிதம். அவருடைய வரம்பு மீறலோ கவனக்குறைவோ இல்லாமல் அது சேதமடைந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. எது நடந்தாலும் எடுத்தவரே பொறுப்பு என்று உடையவர் நிபந்தனை போடுவதை ஹனஃபி, ஷாஃபிஈ ஃபிக்ஹு ஏற்பதில்லை. வழக்கமான தேய்மானமும் உடையவருடையதே.

ஆனால் பேசிய பாரத்துக்கு மேல் ஏற்றினால்? வாடகைக்கு எடுத்த பிராணியின் மீது பேசியதைவிட அதிகச் சுமை ஏற்றி அது இறந்துபோனால் ஏற்றியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று இமாம்கள் அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள். பேசிய ஊரைத் தாண்டி ஓட்டிச் சென்றாலும் அவ்வாறே. ஒட்டகத்துக்கு எழுதிய சட்டம் டிரெய்லருக்கும் பொருந்தும். அளவு மீறி ஏற்றியதால் அச்சு முறிந்தாலோ டயர் வெடித்தாலோ, "உன் வண்டி பழசு" என்று வாதாடுவது நம்பிக்கை மோசடி.

இதில் திருத்தணிக்காரருக்குத் தனியாக ஒரு கவனம் வேண்டும். ஆந்திரத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 முதல் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர உறவும் தொழிலும் அறுந்துவிடவில்லை. நகரி, புத்தூர் பக்கம் வேலை வருவது இயல்பே. ஆனால் மாநில எல்லையைக் கடக்கும் சரக்கு வாகனத்துக்கு உரிய பெர்மிட் வேண்டும். உள்ளூர் வேலைக்கென்று சொல்லி எடுத்த வண்டியை உடையவருக்குத் தெரியாமல் எல்லை தாண்டி ஓட்டினால், சட்டத்தையும் மீறுகிறோம், அமானிதத்தையும் மீறுகிறோம். விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரில் வாடகைக்குக் கட்டடச் சாமான் ஏற்றுவதும் அப்படியே. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தகராறில் நிற்கும். பாதிக்கப்பட்டவருடைய பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள்.

சாமான்களின் மேல் கூலியாட்களை உட்கார வைத்துச் செல்லும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். உங்கள் கைகளாலேயே அழிவில் விழாதீர்கள் என்று திருமறை எச்சரிக்கிறது. இருட்டில், பின்விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாத டிரெய்லரைச் சாலையோரம் நிறுத்திவிட்டுப் போகிறோமே, அதில் மோதி மாள்பவர் எத்தனை பேர்! பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்க, நாமே பாதையில் தொல்லையை வைக்கலாமா?

ஓட்டுநரும் ஆட்களும் இருந்தால் அவர்களுடைய கூலியை வியர்வை உலர்வதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அந்த வழக்கில் நமக்கு யார் வக்கீல்?

நகையும் வட்டியும்

இனி, வாங்குவது என்றே முடிவானால், எந்தப் பணத்தில் வாங்குவது? இதுதான் இல்லங்களைக் கலக்கும் கேள்வி. மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைத்து டிரெய்லர் வாங்குகிறோம். அல்லது ஃபைனான்ஸில் வட்டிக்குக் கடன் எடுக்கிறோம். மழைக்காலத்தில் வேலை நிற்கும், வட்டி நிற்காது. தவணை தவறினால் வட்டிமேல் வட்டி. கடைசியில் டிரெய்லரும் போகிறது, நகையும் போகிறது, வீட்டின் நிம்மதியும் போகிறது. அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியை ஹராமாக்கினான். வட்டியை விடாதவருக்கு எதிராக அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவித்திருப்பதை ஸூரா பகராவில் ஓதுகிறோம். ஒரு டிரெய்லருக்காக யாரோடு போருக்குப் போகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நகை மனைவியின் சொத்து. கணவனுக்கு அதில் உரிமையில்லை. அவள் மனம் விரும்பிக் கொடுத்தால் மட்டுமே அவனுக்கு ஆகும். அவள் சம்மதித்தால், அடகு வைப்பதற்குப் பதில் ஒரு பகுதியை விற்று, அவளையே டிரெய்லரில் பங்காளியாக்கலாம். வரும் வருமானத்தில் அவளுக்குரிய பங்கை எழுதி வைத்துக் கொடுக்கலாம். சகோதரிகளே, இதைக் கேட்பது உங்கள் உரிமை. வெட்கப்படத் தேவையில்லை.

வேறு வழிகளும் உண்டு. இரண்டு மூன்று பேர் கூடிச் சொந்தமாக வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். விற்பவரிடமே தவணைக்கு வாங்கலாம். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருந்தாலும், ஒப்பந்தத்தின்போதே ஒரே விலையாக முடிவு செய்து, தாமதத்துக்காக அதை ஏற்றாதிருந்தால் ஆகும் என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை வழியில் விலைபேசிய நாயகம் (ஸல்) அவர்கள், மதீனா சேர்ந்ததும் விலையைக் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பி அளித்தார்கள். கடனைத் தீர்ப்பதில் அந்தப் பெருந்தன்மைக்கு ஈடேது!

இவை எதுவும் கூடாவிட்டால்? வாடகைக்கே எடுங்கள். வட்டியில் வாங்கிய சொந்த வண்டியைவிட, நேர்மையாகப் பேசி எடுத்த வாடகை வண்டி ஆயிரம் மடங்கு மேல். மாதாமாதம் சிறுகச் சேர்த்து, அல்லாஹ் நாடும் நாளில் வாங்குங்கள். அப்படி வாங்கிய தொழில் வண்டிக்கு ஜகாத் இல்லை. அதை வாடகைக்கு விட்டுச் சேரும் பணம் நிஸாபை அடைந்து ஓராண்டு இருந்தால் அதற்கு ஜகாத் உண்டு. இதையும் மறந்துவிடக் கூடாது.

சகோதரர்களே! நாளை மஹ்ஷரில், வண்டி சொந்தமா வாடகையா என்று கேட்கப்பட மாட்டாது. பொருளை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்றே கேட்கப்படும். சொந்தமானாலும் வாடகையானாலும் ஒவ்வொரு பொருளும் நம் கையில் சில நாள் அமானிதமே. அதன் உண்மையான உடையவன் அல்லாஹ் ஒருவனே.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களை வட்டியின் தீங்கிலிருந்து காப்பாயாக! எங்கள் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! பிறர் பொருளை எங்கள் பொருளைப் போல் பேணும் உள்ளத்தை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.