மூத்தவர் யார்?

பழமை என்றால் நமக்குத் தனி மரியாதை. குடிப்பெருமை பேசத் தொடங்கினால், கல்லுக்கும் மண்ணுக்கும் மூத்தவர்கள் நாம் என்று சொல்லக்கூடக் கூசமாட்டோம். கல்லின் வயது தெரிந்த பிறகும் அப்படிப் பேச முடியுமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று ஆலைகள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே உழைக்கிறார்கள். "இவங்க நேத்து வந்தவங்க, நாங்கதான் பூர்வீகம்" என்ற பேச்சை அந்தப் பக்கத்து டீக்கடையில் நான் கேட்டிருக்கிறேன்.

அங்கிருந்து சென்னையை நோக்கி வந்தால் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள். அந்தக் கல்லுக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருக்கும் கல்லும் இதே இனம் என்று கண்டு, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலநூல் அறிஞர் இட்ட பெயர் அது. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான கல். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

இதை எப்படிக் கணக்கிட்டார்கள்? இத்தகைய கல்லுக்குள் சிர்க்கான் என்ற நுண்ணிய படிகம் உண்டு. அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை அநேகமாக ஏற்காது. யுரேனியமோ மெல்ல ஈயமாக மாறுவது. அதன் முக்கியமான வகை பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டையும் அளந்தால் வயது வந்துவிடும். பிற்காலத்தில் மீண்டும் வெப்பம் தாக்கினால், பழைய படிகத்தின்மேல் புதிய விளிம்பு வளரும். அப்போது ஒரே மணிக்கு உள்ளே ஒரு வயது, ஓரத்தில் ஒரு வயது!

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறையில் பழங்காலத் தாவரங்களின் இலை அச்சுகள் கிடைக்கின்றன. அதன் வயது பத்துக் கோடிக்குச் சற்று மேல். அதைவிட மூத்த பாறைகள் தேய்ந்து, நீரோடு வந்து படிந்த மண் அது. பூர்வீகம் என்று நாம் காலூன்றி நிற்கும் மண்ணே வந்து குடியேறியதுதான்.

அப்படியானால் மனிதனின் மூன்று தலைமுறை வெறும் தூசியா? இல்லை. ஆலைக்காக நிலத்தை விட்டுக்கொடுத்த குடியானவரிடம் கோடி ஆண்டுக் கணக்கைச் சொல்லி வாயடைப்பது கொடுமை. நியாயமான விலையும் பிள்ளைக்கு வேலையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அது பழமை தந்த உரிமை அன்று. அவர் உழுத உழைப்பு தந்தது. அதே உழைப்பை இன்று இயந்திரத்தின் முன் நின்று செலுத்தும் பீகார் இளைஞனுக்கு மட்டும் அந்த உரிமை எப்படி இல்லாமல் போகும்?

வயதைக் காட்டி உரிமை கேட்பதென்றால், அந்தக் குன்று ஒன்றுதான் கேட்கலாம். அது கேட்பதில்லை.