கேபிளுக்குப் பேர் போடு!

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஐ.டி. படிக்கிற பிள்ளைகளிடம் என்ன வேலைக்குப் போகப்போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். சாப்ட்வேர் என்பார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் டேட்டா சென்டரில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று பதிவுசெய்கிற வேலையும் இருக்கிறது என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. "அது கிளார்க் வேலைதானே?"

கிளார்க் வேலையா? தம்பி, தங்கச்சி, பதிவின் அருமையை மலையகத் தமிழரான நம்மைவிடப் பட்டறிந்தவர்கள் இந்த நாட்டில் யார்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டியை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் வந்த சட்டம், பிரஜாவுரிமை வேண்டுமானால் 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் தொடர்ந்து இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது. இருந்தார்கள். தேயிலைத் தூருக்கெல்லாம் அது தெரியும். கையில்தான் தாள் இல்லை. வேலைக்கு வந்த நாளைக் குறிக்கிற செக்ரோல் இருந்தது தோட்டத்து ஆபீசில். கொழுந்து குறைந்த அன்று அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போட்டதும் அடுத்தவர் பேனாதான். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வழிவிட்டது.

பேனா எவர் கையிலோ, பிடி அவர் கையில். அந்தப் பேனா இன்று உன்னைத் தேடி வருகிறது. வேண்டாமென்பாயா?

டேட்டா சென்டரில் சர்வர்களை அடுக்கிய ரேக்கின் பின்பக்கம் போய் நின்று பார். வழக்கமாக 42 யூனிட் உயரம். யூனிட் ஒன்று 1.75 அங்குலம். நீலம், மஞ்சள், சாம்பல் என்று நூற்றுக்கணக்கில் கேபிள்கள். சர்வருக்குப் பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒரு லைன் போனாலும் மற்றது தாங்கட்டும் என்றுதான். அவசரத்தில் எவரோ இரண்டையும் ஒரே லைனில் சொருகிவிட்டால்? வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு விளக்கும் பச்சையாகவே எரியும். அந்த லைன் விழுகிற இரவில்தான் குட்டு வெளிப்படும். பதிவேட்டில் பவர் எங்கிருந்து வருகிறது என்று நேர்மையாக எழுதியிருந்தால், அதைப் புரட்டுகிற எவனும் பட்டப்பகலிலேயே பிடித்திருப்பான்.

பவரில் ஒரு பிழை என்ன செய்யும் என்று பார்: 2017 மே மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் டேட்டா சென்டரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, முறையில்லாமல் திரும்பக் கொடுக்கப்பட்டது. சுமார் 75,000 பயணிகள் விமான நிலையங்களில் திண்டாடினார்கள். இனியும் இதைச் சில்லறை வேலை என்பாயா?

செய்யும் முறை ஒன்றும் மந்திரமல்ல. ரேக் எண், கீழிருந்து எண்ணி எத்தனையாவது யூனிட், சுவிட்ச்சில் எந்த போர்ட், பேட்ச் பேனலில் எந்தத் துளை, பவர் 'ஏ' லைனா 'பி' லைனா. இவ்வளவுதான். லேபிளைக் கேபிளின் இரண்டு முனையிலும் ஒட்ட வேண்டும்; ஒரு முனையில் மட்டும் ஒட்டுகிறவன் பாதி வேலைக்கு முழுச் சம்பளம் கேட்கிறவன். மாற்றம் செய்தால் ரேக் கதவை மூடுமுன் பதிவையும் மாற்று. நாளைக்கு எழுதலாம் என்பது இந்தத் தொழிலில் பெரும் பொய். பழைய பதிவைச் சும்மா நம்பாதே, பக்கத்துக் கருவிகள் ஒன்றுக்கொன்று தம்மை அறிவித்துக்கொள்ளும் எல்.எல்.டி.பி. ஓடுகிற சுவிட்ச்சிடம் கேட்டால் தன் பக்கத்தில் இருப்பது யார் என்று அதுவே சொல்லும். பதிவோடு ஒத்துப் பார்.

இதற்குக் காசும் தேவையில்லை. டிஜிட்டல் ஓஷன் நிறுவனத்தில் உருவாகி 2016இல் வெளியான, இந்தப் பதிவுகளை வைக்கிற நெட்பாக்ஸ் மென்பொருள் இலவசம். லேபிள் இடும் ஒழுங்கைச் சொல்ல டி.ஐ.ஏ.-606 என்ற தரநிலையே இருக்கிறது. உலகம் எவ்வளவு மதிக்கிறது பார்! லயத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் எட்டுமா என்று உன்னிடம் சொன்னவர் எவராயிருந்தாலும், அவருக்கு இந்த வேலை தெரியாது. இங்கே கேட்பது உன் ஊரை அல்ல, அந்தப் போர்ட் எண்ணை.

கொழும்பில் வேலை கிடைக்கும்வரை காத்திருக்காதே. உன் பள்ளிக்கூடக் கணினி அறையிலும் ஒரு சுவிட்ச் தூசி படிந்து கிடக்கும். ஆசிரியரிடம் அனுமதி கேள். நாளைக் காலை, தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் சேரும் நேரத்துக்கே எழும்பிப் போ. முதல் போர்ட்டிலிருந்து தொடங்கு, கேபிளைக் கையால் பிடித்தபடி மறுமுனைவரை நட, எழுது, இரு பக்கமும் ஒட்டு. அடுத்த போர்ட்டுக்குப் போ.