மூன்றாம் அதிகாரம், பதினாறாம் வசனம்

கணினியியல் அறிஞர் டொனால்ட் க்னூத், அச்சுக்கோப்புக்கான டெக் என்னும் மென்பொருளை உருவாக்கியவராகப் பரவலாக அறியப்படுகிறார். ஆனால், மார்ட்டின் லூதரின் வழிவந்த லூத்தரன் சபையைச் சேர்ந்த அவர், தம் தொழிலின் கருவியொன்றையே வேதவாசிப்புக்குக் கொண்டுசென்றதுதான் தொழில்நுட்பத்துக்கும் சமய நம்பிக்கைக்கும் உள்ள உறவைக் குறித்து ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. பெருந்தொகுதி ஒன்றை முழுவதும் ஆராய இயலாதபோது அதன் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு கூற்றை விருப்புவெறுப்பின்றி எடுத்து ஆராயும் முறை அடுக்கு மாதிரியெடுப்பு எனப்படும். இதன்படி அவர் விவிலியத்தின் 66 நூல்களில் பொருந்தாத சிலவற்றை நீக்கி, எஞ்சிய 59 நூல்களிலும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணிப் பதினாறாவதாக வரும் வசனத்தை மட்டும் எடுத்து, மூலமொழியோடும் உரைகளோடும் ஒப்பிட்டு ஆய்ந்தார்.

இம்முறையின் பயன், வாசகர் தமக்குப் பிடித்த வசனங்களையே நாடும் பழக்கத்தைத் தடுத்து, எவரும் பிரசங்கிக்காத வறண்ட வரிகளிலும் அவரை நிற்கச் செய்வதாகும். ஆயினும் அந்த எண்ணைத் தேர்ந்ததில் முழு நடுநிலை இல்லை. யோவான் நற்செய்தியின் புகழ்பெற்ற வசனம் விடுபடக் கூடாது என்றே அவர் அதைத் தெரிந்தெடுத்தார். இதை முறையின் பிழை என்பதைவிட அதன் நேர்மை எனலாம். எவ்வாறு வாசிப்பது என்பதைக் கணிதம் வரையறுக்கலாம். விவிலியத்தை ஏன் வாசிக்க வேண்டும் என்பதோ அக்கணக்கு தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டிருந்தது.