பெட்டிக்கு ஒரு நியாயம், ஆசாரிக்கு ஒரு நியாயம்

புதுக்கோட்டையில் புத்தகம் வைத்திருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்று ஒரு நூலகம் இருக்கிறது. ஒரு கணவனும் மனைவியும் கைக்காசு போட்டு ஆயுள் முழுக்கச் சேர்த்தது. ஒரு லட்சத்துக்கு மேல் புத்தகங்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, 'என்கிட்ட நானூறு புஸ்தகம் இருக்கு, வைக்க இடமில்லை' என்று அலுத்துக்கொண்டால் யார் மதிப்பார்கள்?

ஆனாலும் இடமில்லைதான். துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு சிறுகதைத் தொகுப்பு அகப்பட்ட அன்று வீட்டில் இறுதி எச்சரிக்கை வந்துவிட்டது.

போன மாதம் திருச்சிக்குப் போனபோது ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். ஏசி, தள்ளுவண்டி, மெல்லிய பாட்டு. மாடலுக்கு ஒரு புத்தக அலமாரியை நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை மாதிரி நின்றது. விலை 6,499. பணத்தைக் கட்டினேன். கையில் கொடுத்தது அலமாரி இல்லை, தட்டையாக ஒரு அட்டைப்பெட்டி. "நீங்களே மாட்டிக்கலாம் சார். அரை மணி நேர வேலை" என்றார் பையன். 'டூ இட் யுவர்செல்ஃப்' என்பார்கள். 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று அர்த்தம். 'இனிமே உன் பாடு' என்றும் மொழிபெயர்க்கலாம்.

இந்தத் தட்டைப் பெட்டி வியாபாரத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது சுவீடனின் ஐகியா. (நான் வாங்கியது அவர்கள் சரக்கில்லை. பாவம், அவர்களைத் திட்டாதீர்கள்.) 1956-ல் அங்கே வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரன், ஒரு மேஜை காருக்குள் நுழையவில்லை என்று அதன் கால்களைக் கழற்றினாராம். யோசனை அங்கே பிடித்தது. 1979-ல் அவரே வரைந்த 'பில்லி' புத்தக அலமாரி இன்றுவரை விற்கிறது. மேல்நாட்டில் ஒரு தச்சரை வீட்டுக்குக் கூப்பிட்டால் கூலி மென்னியைப் பிடிக்கும். அதனால் அவர்களே திருகாணியைத் திருகுகிறார்கள். நமக்கு அந்த அவசியம் இருந்ததில்லை. தெருமுனையில் ஆசாரி இருந்தார். 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் ஐகியா முதல் கடையைத் திறந்தபோதுகூட, நம்மவர்கள் திருகுவார்களா என்பதுதான் பெரிய கேள்வி.

நான் பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவன். மூலப்பொருள், கூலி, இதர செலவு மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பொருளின் அடக்கவிலை. பெட்டி மலிவாக இருந்தால், கூலி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். எங்கேயும் போகவில்லை. என் தலையில் பற்று எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியைப் பிரித்தேன். செய்முறைத் தாளில் ஒரு எழுத்து கிடையாது. படம்தான். படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே மாட்டுகிறார். 32 திருகாணி இருக்க வேண்டும், எண்ணினால் 31. வலது பலகை, இடது பலகை இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மாற்றி மாட்டிவிட்டேன். கழற்றினால், திருகாணியோடு பலகையும் கொஞ்சம் உதிர்ந்து வந்தது. பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சிராய்களையும் பசை போட்டு அழுத்தி, மேலே மரக்கலரில் தாள் ஒட்டியது. ஒருமுறை திருகிய ஓட்டையில் மறுபடி திருகினால் பிடிக்காது. எனக்கு அது தெரியாது.

சாய்ந்தால் விழாமல் இருக்கச் சுவரோடு சேர்த்து முடுக்க வேண்டும் என்று கடைசிப் படம். பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி ஓட்டை போட்டேன். ராவல் பிளக் உள்ளே போவதற்குப் பதில், சுவர்ப் பூச்சு ஓர் இட்லி அளவுக்கு வெளியே வந்தது. கடையின் இலவச எண்ணுக்கு அடித்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன். அதற்கப்புறம் இருபது நிமிஷம் சங்கீதம்.

ஞாயிறு ராத்திரி அலமாரி எழுந்து நின்றது. வலது பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்து, பஸ் ஸ்டாண்டு தூணில் சாய்ந்து நிற்கிற ஆள் மாதிரி.

"நான்தான் படத்தைச் சரியாப் பாக்கல. தப்பு என்மேலதான்" என்றேன்.

என் மனைவி நிதானமாகக் கேட்டார்: "ஏங்க, அந்த ஆசாரி அண்ணன்கிட்ட இப்படியா பேசினீங்க?"

சுருக்கென்றது. விஷயம் இதுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது, வடகாடு பக்கம் என் மாமனாரின் தோட்டத்திலும் பெரிய பலாமரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. ஆலங்குடி, கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் தென்னையும் பலாவும் சாயாத தோட்டம் இல்லை. மாமனார் அந்த மரத்தை விறகுக்கு விட மனசில்லாமல் பலகையாக அறுத்து எங்களுக்கு அனுப்பினார். எங்கள் தெரு ஆசாரி அதில் ஒரு அலமாரி செய்தார். கூலி எட்டாயிரம் பேச்சு. பத்து நாள் என்றவர் இருபத்தைந்து நாள் இழுத்தார். ஒரு கதவு நூல் அளவு தூக்கி நின்றது. நான் கத்தினேன். "அட்வான்ஸ் வாங்குறப்ப இருக்கிற வேகம் வேலையில இல்லியே" என்றேன். தெருவே கேட்டது. ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் கணக்கை முடித்தேன். மறுநாள் அவர் யாரும் கூப்பிடாமலே இழைப்புளியோடு வந்து, அந்தக் கதவைச் சீவிச் சரிசெய்துவிட்டுப் போனார். பிடித்த ஆயிரத்தை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

கீரைக்காரம்மாவிடம் பேரம், மாலில் மௌனம் என்று எல்லோரும் எழுதிச் சலித்துவிட்டார்கள். நான் கேட்பது காசு விஷயம் இல்லை. மன்னிப்பு விஷயம். பெட்டியில் ஒரு திருகாணி குறைந்தால் 'நான் சரியா எண்ணலையோ' என்று என்னையே சந்தேகப்பட்டேன். ஆசாரியின் கதவு நூல் அளவு தூக்கினால் 'ஏமாத்துறான்' என்றேன். பெட்டியின் தப்பு என் அறியாமை ஆகிறது. மனிதனின் தப்பு மட்டும் அவன் குணம் ஆகிவிடுகிறது. இது என்ன நியாயம்?

ஒரு பதில் இருக்கிறது. ஆசாரியிடம் கோபம் வருவதற்குக் காரணம், அவர் பதில் சொல்லக்கூடியவர். பெட்டிக்கு முகம் இல்லை. அதனிடம் கோபப்பட்டுப் பயனில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும் உண்டுதான்; கண்டிக்க வேண்டியவர்களைக் கண்டிக்கலாம். ஆனால் பதில் சொல்லக்கூடியவரைத்தானே மன்னிக்கவும் முடியும்? பெட்டியிடம் நான் காட்டியது பொறுமை இல்லை, கையாலாகாத்தனம். நிஜமான பொறுமையைக் காட்ட ஒரு வாய்ப்பு, இழைப்புளியோடு என் வாசலில் வந்து நின்றது. அதை விட்டுவிட்டேன்.

2012-ல் நார்ட்டன், மோச்சன், ஏரியலி என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தானே மாட்டிய பொருளின்மேல் மனிதனுக்குப் பாசம் கூடும். ஆனால் மாட்டி முடித்தால்தான், பாதியில் தோற்றால் அந்தப் பாசமும் போய்விடும் என்று கண்டார்கள். என் அனுபவத்தில் தோல்வியிலும் ஒரு பாசம் வரும். அது பொருளின்மேல் வராது. அந்த வேலை தெரிந்தவர்மேல் வரும்.

திங்கட்கிழமை அவருக்குப் போன் செய்தேன். வருவாரோ மாட்டாரோ என்று பயம். சாயங்காலம் பையோடு வந்தார். ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது மரம் இல்ல தம்பி, தூளு. தூள்ல திருகு எங்கேருந்து பிடிக்கும்?" என்றார். பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்தார். மஞ்சளாக இருந்தது. பலா. சின்னச் சின்ன முளையாகச் சீவி, பசை தடவி, உதிர்ந்த ஓட்டைகளில் அடித்து இறக்கினார். காய்ந்தபின் அதன்மேல் திருகினார். மாடல் பீஸில் இல்லாத ஒரு சட்டத்தைப் பின்னால் கொடுத்துச் சுவரோடு முடுக்கினார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது.

"எவ்வளவுண்ணே?"

"ஐந்நூறு குடுங்க தம்பி."

இவ்வளவையும் யோசித்து வைத்திருந்தேனா? சத்தியமாக யோசித்து வைத்திருந்தேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது: "நானூறு வச்சுக்கலாமே?"

"சரி, குடுங்க" என்றார் உடனே.

எனக்கே வெட்கமாகிவிட்டது. "இல்லண்ணே, ஏதோ பழக்கத்துல சொல்லிட்டேன். ஐந்நூறே வாங்கிக்கங்க" என்று நீட்டினேன்.

அவர் நூறு ரூபாயைத் திருப்பிக் கையில் வைத்தார். "நானூறுதான் தம்பி கூலி. நீங்க எப்படியும் நூறு குறைப்பீங்கன்னு சேத்துச் சொன்னேன்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அலமாரி நேராக நிற்கிறது. பிடித்து வைத்த அந்த ஆயிரமும், திரும்பி வந்த இந்த நூறும் என் கணக்கில் இன்னும் நேராகவில்லை. நூறு கூட்டிச் சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பது மட்டும் தெரியும்.